பாவமில்லை என்றால் பலிக்குமா?

சென்ற ஆண்டுக் கோடையில், பங்குத் தந்தையுடன் ஒரு வீடு மந்திரிப்புக்காக ராயகிரிக்குச் சென்றிருந்தோம். தென்காசிப் பகுதி அன்பர்களுக்கு அவ்வூரைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: சிவகிரிக்கு அருகில், மேற்கே மலைத்தொடரைப் பார்த்தபடி, வயலும் தோப்புமாய் இருக்கிற சிறிய பேரூராட்சி அது. புளியங்குடிச் சந்தைக்குப் போகும் எலுமிச்சம்பழத்தின் வாசம், மந்திரித்த புது வீட்டின் சுண்ணாம்பு வாசத்தையும் மீறி வந்துகொண்டிருந்தது.

செபம் முடிந்து, பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒருவர் தம் மகனைத் தூக்கிக்கொண்டு எம்மிடம் வந்தார். பையனுக்கு ஒன்பது வயது. அந்த வயதுப் பிள்ளையைத் தகப்பன் தூக்கி வருகிறார் என்றால் காரணம் கேட்க வேண்டியதில்லை அல்லவா? நான்கு வயதில் அடிக்கடி விழத் தொடங்கினானாம். தரையிலிருந்து எழுந்திருக்கும்போது, தன் தொடைகளையே கைகளால் ஊன்றி ஊன்றி எழுவானாம். தசைச் சிதைவு நோய், முற்றாகக் குணமாக்கும் மருந்து கிடையாது என்று திருநெல்வேலியில் சொல்லிவிட்டார்கள்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து வழவழப்பான அச்சுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். தொலைவிலுள்ள ஒரு பெருநகரத்தின் சிகிச்சை நிலையம் அனுப்பியது. "ஸ்டெம் செல்" சிகிச்சையாம். நான்கு தவணையாக ஊசி. செலவு சில இலட்சங்கள். அரசாங்க அனுமதி பெற்ற நிலையம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எலுமிச்சைத் தோப்பை விற்பதற்கு முன்பணமும் வாங்கியாகிவிட்டது. அவருக்கு இருந்தது ஒரேயொரு தடைதான்.

"ஐயா, கருவிலிருக்கும் பிள்ளையை அழித்து எடுக்கிற மருந்து என்று கோவிலில் ஒருமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் எங்களுக்கு வேண்டாம். என் பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையைக் கொல்ல மாட்டோம். பாவமா, பாவமில்லையா என்று மட்டும் சொல்லுங்கள்."

அந்த மனிதரின் முன் நாம் கூனிக் குறுகி நின்றோம் என்பதை மறைப்பானேன்? தாளை இரண்டு முறை வாசித்தோம். எடுக்கப்படுவது பையனின் இடுப்பெலும்பு மச்சையிலுள்ள அணுக்கள். எந்தக் கருவும் அழிக்கப்படுவதில்லை. "பாவமில்லை" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. அப்போது, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பையனின் பாட்டி தலையை நிமிர்த்திக் கேட்டார்: "பாவமில்லை என்றால் பலிக்கும், அப்படித்தானே ஐயா?"

அன்று அந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லவில்லை. இலையில் என்ன பரிமாறினார்கள் என்பதும் நினைவில்லை. ஊர் திரும்பிய பிறகு பல நாள் அதைப் பற்றியே சிந்தித்தோம். இம்மாதப் பக்கங்கள் அந்தப் பாட்டியின் கேள்விக்காகவே.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஸ்டெம் செல் என்பதைத் தமிழில் குருத்தணு என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள், நல்ல சொல். குருத்தோலை ஞாயிறன்று நாம் கையில் ஏந்தும் குருத்து எப்படி இன்னும் விரிந்து முற்றாத ஓலையோ, அப்படியே இதுவும் இன்னும் இன்னதென்று ஆகாத அணு. தோலாகவோ, தசையாகவோ, இரத்தமாகவோ இனிமேல்தான் ஆக வேண்டும். இத்தகைய அணுக்கள் இரண்டு இடங்களில் கிடைக்கின்றன. வளர்ந்த உடலில், குறிப்பாக எலும்பு மச்சையிலும், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலும் இருப்பவை ஒரு வகை. இவற்றுக்கு ஆற்றல் குறைவு. ஆனால் எடுப்பதால் எவர் உயிரும் போவதில்லை. கருவுற்ற சில நாட்களில், இன்னும் கண்ணுக்குத் தெரியாத அளவிலுள்ள கருவுக்குள் இருப்பவை மற்றொரு வகை. இவை உடலின் எந்த உறுப்பாகவும் ஆக வல்லவை. ஆனால் இவற்றை எடுத்தால் அந்தக் கரு அழிந்துபோகும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் என்பவரும் அவர் குழுவினரும் 1998ஆம் ஆண்டு இவற்றை முதன்முதலாகப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். அதற்குப் பயன்பட்டவை, சோதனைக் குழாய்க் குழந்தைக்காக உண்டாக்கப்பட்டு, எவருக்கும் வேண்டாமல் எஞ்சிப்போன கருக்கள்.

முன்னதைத் திருச்சபை ஏற்கிறது, ஊக்கப்படுத்தவும் செய்கிறது; பின்னதை ஏற்பதில்லை. 1987ஆம் ஆண்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரையிலும், 2008ஆம் ஆண்டு வெளிவந்த அடுத்த அறிவுரையிலும் இது ஐயத்திற்கிடமின்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. இதுவரை நம் வாசகர்கள் பலரும் அறிந்ததே. பாட்டி கேட்டதோ வேறு கேள்வி. ஒரு செயல் தகுமா என்பது ஒன்று. அது நடக்குமா, நடந்ததா என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிய மாடுகள் அல்ல. இதை மறந்ததால் நம் நாட்டில் ஒரு பெரிய மனிதரின் வாழ்வே அழிந்தது. அதற்காக வாசகர்களை ராயகிரித் திண்ணையிலிருந்து 1978ஆம் ஆண்டுக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதற்குச் சரியாக 70 நாட்கள் கழிந்திருந்தன. அக்டோபர் 3ஆம் நாள் கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூசைக் காலத்தில் பிறந்ததால் உலகம் அவளைத் துர்கா என்றே அறிந்தது. அந்தக் கருவை உடலுக்கு வெளியே உருவாக்கியவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்தியாய். கல்கத்தாவிலும் எடின்பரோவிலும் இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றவர். அரசாங்க மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியர். குளிரியல் நிபுணர் சுனித் முகர்ஜியும், மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சாரியாவும் அவருக்குத் துணை. இங்கிலாந்தில் இருந்த வசதிகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களிடம் இருந்திருக்குமா என்பது ஐயமே.

வசதி குறைவு, முறையோ இங்கிலாந்தாரினும் ஒரு படி முன்னே நின்றது. தாயின் சினைப்பையை ஊக்கமருந்தால் தூண்டி, ஒன்றுக்கு மேற்பட்ட சினைமுட்டைகளைப் பெற்றார். உருவான கருவை உடனே கருப்பையில் வைக்காமல், 53 நாட்கள் உறைநிலையில் காத்து, தாயின் உடல் ஏற்ற நிலைக்கு வந்தபின் வைத்தார். உறைய வைத்த கருவிலிருந்து குழந்தை பிறந்ததாக மேல்நாட்டு ஏடுகள் பதிவு செய்தது 1984ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவில். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே இவர் அதைச் செய்து முடித்திருந்தார்.

மேற்கு வங்க அரசாங்கம் நவம்பர் மாதத்தில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. விசாரிக்கக் குழு அமைப்பது தவறன்று. புதுமையான ஒன்றை ஒருவர் சொன்னால் ஆராய்ந்து பார்ப்பதே அறிவு. அவரும் தம் வேலையை விரிவாக எழுதி வெளியிட்டிருக்கவில்லை. குளிரியல் இதழொன்றில் சிறு அறிக்கை வந்திருந்தது, மற்றபடி செய்தித்தாள்களே முந்திக்கொண்டன. குழந்தையின் பெற்றோரும், ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி, வெளிச்சத்துக்கு வர விரும்பவில்லை. ஆகவே ஐயப்பட இடமிருந்தது. ஆனால் யாரைக் கொண்டு ஆராய்ந்தார்கள்? குழுவின் தலைவர் வானொலி அலைகளை ஆராயும் இயற்பியல் அறிஞர். ஏனையோரிலும் உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் வேலையைச் செய்து பழகியவர் ஒருவருமில்லை; அன்றைய இந்தியாவில் அப்படி ஒருவர் அவரைத் தவிர இருந்தாரா என்பதே கேள்வி. தங்கத்தை உரைத்துப் பார்க்கத் தச்சரை அழைத்த கதை. அவர் சொன்னது நம்பத்தக்கதன்று என்று குழு முடிவு கூறிற்று.

முடிவு அதோடு நின்றிருந்தால் அறிஞர்களின் கருத்து வேறுபாடு என்று விட்டுவிடலாம். ஆனால் அவர் அரசாங்க ஊழியர் அல்லவா? ஜப்பானில் தம் ஆராய்ச்சியை விளக்க வரும்படி அழைப்பு வந்தது. போக அனுமதி மறுக்கப்பட்டது. கல்கத்தாவை விட்டுப் பாங்குராவுக்கு மாற்றப்பட்டார். இதய நோய் கண்டது. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதம் இன்னொரு மாற்றல் உத்தரவு: கண் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு. கருவியலில் நாட்டுக்கே முன்னோடியான மனிதர் இனிக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதே மாதம் 19ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஐம்பது வயதுதான்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், பம்பாயில் ஒரு குழந்தை பிறந்தது. இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை அதுவே என்று நாடு கொண்டாடியது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவுடன் சேர்ந்து அதைச் சாதித்தவர் விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார். பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1997இல், முகோபாத்தியாயின் குறிப்பேடுகள் அவர் கைக்கு வந்தன. வாசித்தார். அந்தத் துறையை அறிந்த ஒருவர் அவற்றை வாசித்தது அப்போதுதான். வாசித்து முடித்ததும், முதல்வர் என்ற பெயர் தமக்கு உரியதன்று, மறைந்த அந்தக் கல்கத்தா மருத்துவருக்கே உரியது என்று 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். தம் தலையிலிருந்த மகுடத்தைத் தாமே கழற்றி, இறந்துபோன ஒருவரின் தலையில் வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? 2003ஆம் ஆண்டு, தம் இருபத்தைந்தாம் பிறந்த நாளில், துர்காவும் மக்கள்முன் தோன்றி, நான்தான் அந்தக் குழந்தை என்றார்.

இங்கே சில வாசகர்களின் புருவம் உயர்வதை நாம் உணர்கிறோம். உடலுக்கு வெளியே கருவை உண்டாக்குவதைத் திருச்சபை ஏற்பதில்லையே, அத்தகைய வேலையைச் செய்தவருக்காக ஒரு கத்தோலிக்க ஏட்டில் கண்ணீர் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் செய்த வேலையை நாமும் ஏற்கவில்லை. ஆனால் கல்கத்தா அரசாங்கம் அவரிடம் கேட்ட கேள்வி அதுவன்று. "நீர் செய்தது தகுமா?" என்று அது கேட்டிருந்தால், சட்டமன்றமும் மக்களும் மறைகளும் சேர்ந்து விடை தேடியிருக்கலாம்; அது எல்லாரும் பேச உரிமையுள்ள கேள்வி. அரசாங்கம் கேட்டதோ, "நீர் செய்தது உண்மையா?" என்று. அந்தக் கேள்விக்குச் சான்று விடை சொல்லுமேயன்றி அதிகாரம் சொல்லாது. வேடிக்கை என்னவெனில், உண்மையா என்ற கேள்விக்குச் சில வாரங்களில் தீர்ப்பெழுதிய நம் அரசாங்கங்கள், தகுமா, எந்த அளவுக்குத் தகும் என்ற கேள்விக்குச் சட்டம் இயற்றியது 2021ஆம் ஆண்டில்தான். இடையில் 43 ஆண்டுகள். தாம் அவசியம் பேசவேண்டிய இடத்தில் மௌனம். பேச உரிமையில்லாத இடத்தில் உரத்த குரல்.

இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்துக் குழந்தை பிறந்த சில நாட்களில், வெனிஸ் நகரப் பேராயர் கர்தினால் லூச்சியானியிடம் கருத்துக் கேட்டார்கள். அறிவியலின் இந்த வேகம் எங்கே கொண்டுபோய் விடுமோ என்ற தம் அச்சத்தை அவர் மறைக்கவில்லை. ஆனால் குழந்தைக்கு மனமார வாழ்த்துச் சொன்னார். பெற்றோரைக் குற்றவாளிகள் என்று தீர்க்கத் தமக்கு உரிமையில்லை என்றார். அதே ஆகஸ்ட் மாதம் அவர்தான் திருத்தந்தை முதலாம் அருள் சின்னப்பர் ஆனார். செப்டம்பர் 28ஆம் நாள் இரவில் மறைந்தார். துர்கா பிறந்தது அதற்கு ஐந்தாம் நாள். செயலை ஏற்காமலே, நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொண்டு, அதனால் வந்த பிள்ளையை வரவேற்க முடியும் என்பதற்கு நாம் வேறெங்கும் போய் எடுத்துக்காட்டுத் தேட வேண்டாம்.

கல்கத்தாவில் அரசாங்கம் ஓர் உண்மையைப் பொய் என்றது. நமக்கு உவப்பான பக்கத்தில் நிற்கும் அரசாங்கங்கள் மட்டும் இந்தத் தவற்றைச் செய்வதில்லை என்று எண்ண வேண்டாம். 2001ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரைச் சந்தித்தார். கருக்களை ஆராய்ச்சிக்காக அழிப்பதற்கு எதிராகத் திருத்தந்தை அவரிடம் பேசினார். ஆகஸ்ட் 9ஆம் நாள் புஷ் தம் முடிவை அறிவித்தார்: இனி அழிக்கப்படும் கருக்களின் அணுக்களை ஆராய அரசாங்கப் பணம் கிடையாது, ஏற்கெனவே பிரித்தெடுத்து வளர்க்கப்பட்டுவரும் அணுத்தொடர்களுக்கு மட்டும் உண்டு. அறநெறி பற்றிய முடிவு என்ற அளவில் அவர் கூறியது அவருக்கு உரிமையுள்ள கேள்விக்கான விடை. அதோடு விட்டாரா? ஆராய்ச்சி தடைபடாது, உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட அணுத்தொடர்கள் இருக்கின்றன என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பட்டியலில் பெங்களூரின் தேசிய உயிரியல் மையமும், பம்பாயின் ரிலையன்ஸ் நிறுவனத்து ஆய்வுக்கூடமும்கூட இடம்பெற்றிருந்தன. அமெரிக்காவின் அறச்சிக்கலுக்கு நம் நாட்டு ஆய்வுக்கூடங்கள் விடையாகக் காட்டப்பட்டது பலருக்கும் வியப்பு. ஆனால் எண்ணிப் பார்க்கையில், ஆராய்ச்சியாளர் கைக்கு வந்து பயன்பட்டவை இருபத்தொன்றோ என்னவோதான். முடிவு நமக்குப் பிடித்தமானது. ஆயினும் அந்த எண்ணிக்கை, அரசியலுக்கு வசதியான எண்ணிக்கை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தென்கொரியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. சியோல் பல்கலைக்கழகத்தின் ஹுவாங் வூ-சுக், மனிதக் கருவை நகலெடுத்து அணுத்தொடர் உண்டாக்கியதாக 2004இலும் 2005இலும் அறிவித்தார். அரசாங்கம் அவரைத் தலைமேல் தூக்கி வைத்தது. பெருந்தொகையும் பட்டமும் கொடுத்து, அஞ்சல் தலையும் வெளியிட்டது. நாட்டுத் தலைவரின் அறிவியல் ஆலோசகரே ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இணையாசிரியராக இடம்பெற்றிருந்தார். ஐயம் எழுப்பிய தொலைக்காட்சி நிகழ்ச்சியின்மீது மக்கள் கோபம் கொண்டு பாய்ந்தார்கள். 2006 சனவரியில், பல்கலைக்கழகமே அமைத்த குழு அது முழுதும் புனைவு என்று கூறிற்று. அங்கே அரசாங்கம் பொய்யை உண்மை என்று சொல்லவில்லை. அதை எவரும் சோதிக்கத் துணியாதபடி அணைத்துக்கொண்டது. அவ்வளவே போதும்.

நம் வீட்டையும் பார்த்துக்கொள்ளாமல் அடுத்த வீட்டைக் குறை சொல்வது அழகன்று. கலிலேயோவை 1633இல் மண்டியிட வைத்ததில், தகுமா என்ற கேள்விக்குரிய அதிகாரத்தை உண்மையா என்ற கேள்விக்குச் செலுத்திய தவறுதான் இருந்தது. அன்றைய நடுவர்களின் பிழையை 1992ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் இரண்டாம் அருள் சின்னப்பரே விஞ்ஞானிகளின் சபையில் ஒப்புக்கொண்டார். இன்றும் நம்மவர் சிலர் மேடைகளில் ஒன்றைப் பேசக் கேட்கிறோம்: ஜப்பானின் ஷின்யா யமனாக்கா, வளர்ந்த உடலின் சாதாரணத் தோலணுவையே பின்னோக்கிச் செலுத்திக் குருத்தணு ஆக்கிவிட்டார், 2012இல் நோபல் பரிசும் பெற்றார், ஆகவே கரு ஆராய்ச்சியால் ஒரு பயனும் இல்லை என்று. யமனாக்கா செய்தது உண்மை. எலியின் அணுவில் 2006இலும், மனித அணுவில் 2007இலும் செய்தார். ஒருநாள் நண்பரின் மருத்துவமனையில் நுண்ணோக்கி வழியே ஒரு கருவைக் கண்டபோது தம் பெண்மக்களின் நினைவு வந்தது, வேறு வழி தேட அதுவும் தூண்டிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். நெஞ்சைத் தொடும் செய்தி. ஆனால் எந்தெந்த மரபணுக்களைக் கொண்டு அணுவைப் பின்னோக்கிச் செலுத்தலாம் என்ற குறிப்பு அவருக்குக் கிடைத்ததே, கருக் குருத்தணுக்களைப் பற்றி அதுவரை சேர்ந்திருந்த அறிவிலிருந்துதான். மேடையில் இந்தப் பாதியை விட்டுவிடுகிறோம். நம் கட்சிக்கு வலுச்சேரும் என்பதற்காக உண்மையில் பாதியை மறைத்தால், கல்கத்தாக் குழுவுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

இனி ராயகிரிக்குத் திரும்புவோம். கல்கத்தாவில் நடந்தது உண்மை. ஆனால் தகுமா என்பதில் நமக்குத் தடை. ராயகிரித் தந்தையின் கையிலிருந்த தாளிலோ தகாதது எதுவுமில்லை. உண்மையா என்பதில்தான் ஓட்டை. எம் வாயிலிருந்து வந்த "பாவமில்லை" என்ற ஒரு சொல்லை, "பலிக்கும்" என்று அந்தக் குடும்பம் எடுத்துக்கொண்டது. அதைத் திருத்தாமல் சாப்பிட்டுவிட்டு வந்த பழி எம்முடையது. மறுமாதம் தனியே கிளம்பிச் சென்றோம்.

போகுமுன் விசாரித்துத் தெரிந்துகொண்டதை வாசகக் குடும்பங்களுக்கும் சொல்வது கடமை. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பொய்யன்று. இரத்தப் புற்று, தலசீமியா போன்ற இரத்த நோய்களுக்கு அது நிலைபெற்ற சிகிச்சை. நம் பிரிந்த சகோதரர்கள் நடத்தும் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. அங்குள்ள குருத்தணு ஆராய்ச்சி மையத்தார், நோயாளியின் சொந்த இரத்தக் குருத்தணுக்களில் மரபணுவைச் சேர்த்து, இரத்தம் உறையாத நோய்க்கு ஐந்து பேரிடம் செய்து பார்த்த சிகிச்சையின் நல்ல பயனை 2024 இறுதியில் உலகறிய வெளியிட்டார்கள். ஐந்தே பேர் என்று அடக்கமாகச் சொன்னதைக் கவனியுங்கள். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள், இரத்தத் தொடர்பான இத்தகைய நோய்களை விட்டால், ஏனையவற்றுக்குக் குருத்தணுச் சிகிச்சை இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது என்கின்றன. முறையான மருத்துவச் சோதனைக்கு வெளியே அதை விற்கக் கூடாது. சோதனை என்று சொல்வார்களானால், அதற்குத் தேசியப் பதிவேட்டில் ஓர் எண் இருக்க வேண்டும். அந்தப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. எண்ணைக் கேளுங்கள். அந்த வழவழப்பான தாளில் எண் இல்லை. "அரசாங்க அனுமதி" என்று அச்சிட்டிருந்தது கட்டடத்துக்கும் மருத்துவமனை நடத்துவதற்கும் உள்ள பதிவு, ஊசிக்கு அல்ல. அரசாங்க முத்திரை பக்கத்தில் இருந்தால் மருந்துக்கும் சேர்த்தே குத்தியதாக மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும் என்றுதான் அச்சிடுகிறார்கள்.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, விவசாயியான அந்தத் தந்தைக்கு ஒரு செய்தியே போதுமானதாக இருந்தது. பையனின் நோய், தசையைத் தாங்கும் ஒரு புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் உள்ள குறையால் வருவது. அந்தக் குறை அவன் உடலின் ஒவ்வோர் அணுவிலும் இருக்கிறது; இடுப்பெலும்பில் எடுக்கும் அணுவிலும் இருக்கிறது. "குறையுள்ள விதை நெல்லைப் பத்தாயத்திலிருந்து எடுத்து, அதே வயலில் மறுபடியும் விதைத்தால்?" என்றோம். அவர் வெகுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசியவர் அவர் மனைவி. "முதலில் பாவமில்லை என்று நீங்களே கதவைத் திறந்தீர்கள் ஐயா. இப்போது நீங்களே சாத்துகிறீர்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் சொன்னதில் தவறேதும் இல்லை. நாம் புறப்படும்வரை அவர் வெளியே வரவில்லை.

மதுரையில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டினார்கள். குணமாக்க முடியாது, ஆனால் மாத்திரையாலும் உடற்பயிற்சியாலும் கால்பட்டையாலும் நடக்கும் காலத்தை நீட்டலாம் என்று அவர் சொன்னாராம். தோப்புக்கு வாங்கிய முன்பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. வாங்கவிருந்தவர் ஊரெங்கும் முணுமுணுத்துத் திரிந்தார். கிறிஸ்துமஸ் கழிந்து ஒருமுறை சென்றபோது, பையன் களத்தில் சாக்கின்மேல் அமர்ந்து எலுமிச்சம்பழங்களைப் பெரிது, நடுத்தரம், பொடி என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தான். கை வேகமாக ஓடுகிறது. தாய் காப்பி கொண்டுவந்து வைத்தார், பேசவில்லை.

கல்கத்தா மருத்துவரின் கதையைப் பாட்டியிடம் சொல்லியிருந்தோம். எவ்வளவு விளங்கிற்றோ தெரியாது. விடைபெறும்போது எம்மை நிறுத்தி, "அந்த டாக்டர் பேரென்ன ஐயா?" என்று கேட்டார். சொன்னோம். முழுப் பெயர் அவர் நாவில் நிற்கவில்லை. சுபாஷ் என்பது மட்டும் நின்றது. இரவுச் செபத்தில், இறந்துபோன தம் கணவர், மூத்த மகன், நாத்தனார் ஆகியோரின் பெயர்களை வரிசையாகச் சொல்லிச் செபிப்பது அவர் வழக்கமாம். இரண்டு முறை சொல்லிப் பார்த்து, அந்தப் பெயரையும் சரிபார்த்துக்கொண்டார்.